ஏழாம் நம்பர் மோல்டு

இந்த வாரத்தை எழுதாமல் தாண்டிவிடலாம் என்றுதான் இருந்தேன். பம்மலில் நாங்கள் குடியிருந்த ஒற்றை அறையைப் பற்றியும், தண்ணீர் லாரிக்கு வரிசையில் குடம் வைத்துவிட்டுக் காத்துக் கிடந்ததைப் பற்றியும் போன வாரம் எழுதியாயிற்று. அடுத்து வருவது திருமுடிவாக்கம் பட்டறைதான். அதைச் சுற்றிக்கொண்டு போக வேறு பாதை எனக்குத் தெரியவில்லை.

ஒரு காட்சியைச் சொல்லித் தொடங்குகிறேன்.

தகரக் கூரை போட்ட ஷெட். ஐந்து ஆண்கள் அரைவட்டமாக நிற்கிறார்கள். நடுவில் நான். வலது கையில் ஒரு குடைக்கம்பி. இடது கையில் முகத்துக்குப் போடும் பவுடர் டப்பா. கம்பியைப் பவுடரில் தோய்த்து, ஈர மணலில் குத்தி, மெல்லத் திருகி உருவுகிறேன். மறுபடி தோய்க்கிறேன், குத்துகிறேன், உருவுகிறேன். கண்ணாடி போட்ட ஒருவர் குனிந்து பார்த்துவிட்டு, "வெரி குட்" என்கிறார்.

என் முதுகுக்குப் பின்னால், நாலு அடி தள்ளி ஸ்டெல்லா நிற்கிறாள். கம்பி அவளுடையது. டப்பா அவளுடையது. கம்பியைப் பவுடரில் தோய்க்கலாம் என்று யோசித்தவளும் அவள்தான்.

நான் திரும்பிப் பார்க்கவில்லை.

உள்ளேன் ஐயா

எனக்குக் கூச்சம் பிறவியிலேயே இருந்தது. பள்ளியில் வருகைப் பதிவு எடுக்கும்போது "உள்ளேன் ஐயா" என்று சொல்ல வேண்டும். என் முறை வரும்போது குரல் எழாது. உதடு மட்டும் அசையும். வாத்தியார் தலையைத் தூக்காமல் ஆப்சென்ட் போட்டுவிட்டு அடுத்த பெயருக்குப் போய்விடுவார். முதல் பெஞ்சில் உட்கார்ந்தபடியே நான் பல நாள் பள்ளிக்கு வராதவளாக இருந்திருக்கிறேன்.

பத்தாம் வகுப்போடு படிப்பு நின்றது. கல்யாணம் ஆனது. கணவருக்குத் தோல் பதனிடும் ஷெட்டில் வேலை. தொண்ணூறுகளின் நடுவில் எங்கள் பக்கத்துத் தோல் ஷெட்டுகள் ஒவ்வொன்றாக மூடத் தொடங்கியபோது அவருடையதும் மூடிக்கொண்டது. அவர் வீட்டில் உட்கார்ந்தார். நான் வேலைக்குக் கிளம்பினேன்.

கூச்சப்படுகிறவர்களை எல்லோரும் நல்லவர்கள் என்று நினைத்துக்கொள்கிறார்கள். நானும் என்னைப் பற்றி அப்படித்தான் நினைத்திருந்தேன், திருமுடிவாக்கம் போகும்வரை.

இரண்டு தண்டவாளத்துக்கு நடுவில்

எங்கள் பட்டறையில் என்ன செய்தோம் என்று சொல்லிவிடுகிறேன். இல்லாவிட்டால் பவுடர் டப்பாவுக்கும் ரயிலுக்கும் என்ன சம்பந்தம் என்று கேட்பீர்கள்.

அந்தக் காலத்தில் தாம்பரத்திலிருந்து பீச்சுக்குப் போகும் மின்சார ரயிலில் தடக் தடக் என்று ஓயாமல் சத்தம் வரும். இரண்டு தண்டவாளத் துண்டுகளை இரண்டு பக்கமும் இரும்புப் பட்டை வைத்து போல்ட்டு போட்டு இணைத்திருப்பார்கள். நடுவில் சின்ன இடைவெளி இருக்கும். சக்கரம் ஒவ்வொரு இடைவெளியிலும் இறங்கி ஏறும். இறங்கி ஏறி, தண்டவாளத்தின் முனை நசுங்கும், போல்ட்டு தளரும். அதை முடுக்குவதற்கென்றே ஒருவர் தினமும் தோளில் நீளமான ஸ்பானருடன் லைனில் நடந்து போவார்.

புதிதாக அகலப் பாதை போட்டபோது பட்டையும் போல்ட்டும் வேண்டாம், இரும்பை உருக்கி ஊற்றி ஒரே தண்டவாளமாக்கிவிடலாம் என்று வந்தது. இரண்டு முனைக்கும் நடுவில் விரல் அகலத்துக்கு இடைவெளி விட்டு, அதைச் சுற்றி இரண்டு பக்கமும் மணலால் செய்த அச்சைப் பொருத்துவார்கள். மேலே இருந்து உருகிய இரும்பு இறங்கி அச்சுக்குள் நிரம்பும். ஆறியதும் அச்சை உடைத்துப் போட்டுவிட்டு, மேலே துருத்தியதைத் தேய்த்துச் சமமாக்குவார்கள்.

அந்த மணல் அச்சுக்கு மோல்டு என்று பெயர். அதைத்தான் நாங்கள் எட்டுப் பெண்கள் செய்தோம்.

வெள்ளை மணலில் பாகு மாதிரி ஒரு திரவத்தை ஊற்றிப் பிசைவோம். சப்பாத்தி மாவு பதம் வந்ததும் மரப்பெட்டியில் அடைத்து இடிப்போம். கம்பியால் வரிசையாகத் துளை போடுவோம். பிறகு சோடாவில் அடைக்கிற அதே கேஸைக் குழாயில் விட்டால், மணல் அரை நிமிடத்தில் பிஸ்கட் மாதிரி இறுகிவிடும். பெட்டியைக் கவிழ்த்தால் மோல்டு வந்துவிடும். கையெல்லாம் வெடித்து, சாப்பிடும்போது ரசம் பட்டால் எரியும்.

துளைதான் முக்கியம். இரும்பு உள்ளே விழும்போது கிளம்புகிற காற்று அந்தத் துளை வழியாக வெளியே போக வேண்டும். போகாவிட்டால் இரும்புக்குள்ளேயே கொப்புளமாகத் தங்கிவிடும். வெளியே பார்த்தால் ஒன்றும் தெரியாது. ரயில் ஓடி ஓடி ஒருநாள் அங்கேதான் விரிசல் விடும்.

கம்பியை உருவும்போது ஈர மணல் ஒட்டிக்கொண்டு வரும். காதில் தோடு போடாமல் விட்டால் ஓட்டை தூர்ந்து போகிற மாதிரி, மேலே திறந்திருக்கிற துளை உள்ளே மூடிக்கொண்டுவிடும். என் மோல்டுகளில் அது அதிகம். எனக்குக் கை மெது. வேகமாகச் செய்யப் பார்த்தால் துளை தூர்ந்துவிடும். பார்த்துச் செய்தால் எண்ணிக்கை வராது.

தட்டு ரொப்புவது

ஒவ்வொருத்திக்கும் ஒரு நம்பர். மணல் ஈரமாக இருக்கும்போதே ஆணியால் மோல்டின் முதுகில் நம்பரைக் கீறிவிட வேண்டும். ஸ்டெல்லா நாலு. நான் ஏழு.

ஒரு நாளைக்கு ஆளுக்கு நாற்பது ஜோடி. சாயங்காலம் போர்மேன் தாஸ் அண்ணன் தட்டுத் தட்டாக எண்ணிக்கொண்டு வருவார். யாருக்காவது குறைகிற மாதிரி இருந்தால், கை வேகமானவள் நாலைந்து மோல்டில் அவளுடைய நம்பரைக் கீறி அவள் தட்டில் வைத்துவிடுவாள். இதற்கு நாங்கள் வைத்திருந்த பெயர் தட்டு ரொப்புவது. தாஸ் அண்ணனுக்குத் தெரிந்தால் கொடுத்தவள், வாங்கியவள் இருவருக்கும் வேலை போகும். எட்டுப் பேரும் ஒருநாளாவது கொடுத்திருக்கிறோம், வாங்கியிருக்கிறோம். நான் வாங்கியதுதான் அதிகம்.

ஒரு மழைக்காலத்தில் எங்கள் மோல்டுகளால் போட்ட இணைப்புகளில் கொப்புளம் இருக்கிறது என்று பெட்டி பெட்டியாகத் திரும்பி வந்தது. காதுக்குக் கேட்காத ஒலியை இரும்புக்குள் அனுப்பி ஓட்டை இருக்கிறதா என்று பார்க்கும் கருவி ஒன்று இருக்கிறதாம். அது காட்டிக்கொடுத்துவிட்டது. திரும்பியதில் ஏழாம் நம்பர் நிறைய.

முதலாளி எங்களைக் கூப்பிட்டு, "இப்படியே போனா ஆர்டர் போயிடும். அடுத்த மாசம் ரெண்டு பேரைக் குறைக்கத்தான் வேணும்" என்றார். பிறகு என்னைப் பார்த்து, "ஏழாம் நம்பர், உனக்கு இந்த ஒரு லோடுதான் டைம்" என்றார்.

அன்று பஸ்ஸில் ஜன்னல் பக்கம் முகத்தைத் திருப்பிக்கொண்டு அழுதேன். ஸ்டெல்லா பக்கத்தில் உட்கார்ந்திருந்தாள். அவளும் பம்மல்தான். அனகாபுத்தூர் தாண்டியதும் என் பக்கம் திரும்பினாள்.

"இன்னாடி இது, குழாயைத் தொறந்து வுட்ட மாதிரி? மூஞ்சியைத் தொடை. கண்டக்டர் டிக்கெட் குடுக்காம உன்னியே பாத்துகினு கீறான்."

"வேலை போனா நான் என்ன பண்ணுவேன் ஸ்டெல்லா? அவருக்கும் வேலை இல்ல."

"போவாது. நான் இருக்கேன்ல?"

மறுநாள் அவள் ஒரு உடைந்த குடையின் கம்பியையும் தன் பவுடர் டப்பாவையும் எடுத்துக்கொண்டு வந்தாள்.

"இன்னாடி, மணலுக்கு மேக்கப்பா?" என்று கஸ்தூரி அக்கா கேட்டாள். எங்களில் மூத்தவள் அவள், வாய் நீளம்.

"ஆமா அக்கா. பொண்ணு பாக்க ரயில்வேக்காரன் வரான்ல."

எல்லோரும் சிரித்தோம். ஸ்டெல்லா கம்பியைப் பவுடரில் தோய்த்துக் குத்தினாள். திருகி உருவினாள். கம்பியில் ஒரு மணல்கூட ஒட்டவில்லை. துளை அடிவரை கண்ணாடி மாதிரி திறந்திருந்தது. தேய்க்கிற பலகையில் மாவு தூவினால் சப்பாத்தி ஒட்டாதே, அந்த மாதிரிதான் என்றாள்.

ஆனால் நேரம் பிடித்தது. ஒரு மோல்டுக்கு இரண்டு மடங்கு நேரம். அதனால் அவள் அந்த வேலையை எனக்கு வேண்டிய மோல்டுகளுக்கு மட்டும் செய்தாள். ஏழு என்று கீறி என் தட்டில் வைத்தாள். மீதி நேரத்தில் தன்னுடையதைப் பழைய கம்பியால் அவசரம் அவசரமாகக் குத்தினாள். அவளுக்கு நாற்பது வரவில்லை. முப்பத்திரண்டு, முப்பது என்று இறங்கியது.

"உன்னோடதையும் இப்படியே செய்யேன்" என்று ஒருதடவை சொன்னேன்.

"எனுது எப்பவும் போல போவட்டும். இப்ப அவங்க கண்ணு உன் மேலதான் கீது."

மூன்று வாரம் அப்படி நடந்தது. நான் மணலைப் பிசைந்து பெட்டியில் இடித்துக் கொடுத்தேன். அவள் எனக்காகக் குத்தினாள்.

ஐந்து பேர்

இப்போது அந்தக் காட்சிக்கு வருகிறேன்.

வந்தவர்கள் ஐந்து பேர். முதலாளி, தாஸ் அண்ணன், லைனில் இணைப்பு வேலை எடுத்திருந்த காண்ட்ராக்டர், அவருடைய ஆள் ஒருவர், கண்ணாடி போட்ட இன்ஜினியர் ஒருவர்.

இன்ஜினியர் கையில் ஒரு மோல்டு இருந்தது. அதைத் திருப்பி முதுகில் இருந்த எண்ணைக் காட்டினார்.

"இந்த செவன் யாரு? இதுல போட்ட ஜாயிண்ட் ஒண்ணுகூட ரிஜெக்ட் ஆகல. கவரைப் பிரிச்சா பவுடர் வாசனை வருதுன்னு பசங்க சொல்றாங்க. என்னம்மா செய்றீங்க இதுல?"

தாஸ் அண்ணன் என்னைக் கைகாட்டினார்.

உண்மையைச் சொன்னால் தட்டு ரொப்புவது வெளியே வந்துவிடும். எட்டுப் பேருக்கும் ஆபத்து. பல வருடம் எனக்கு நானே சொல்லிக்கொண்ட சமாதானம் இது. பாதி உண்மைதான். ஆனால், "சார், இது ஸ்டெல்லா கண்டுபிடிச்சது, அவங்க சொல்லித்தான் நான் செய்றேன்" என்று ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் தட்டு விஷயம் வெளியே வந்திருக்காது. அந்த வாக்கியம் அன்று இரவுதான் எனக்குத் தோன்றியது, அந்த இடத்தில் தோன்றவில்லை என்று எழுதத்தான் ஆசை. தோன்றியது. தொண்டை வரைக்கும் வந்தது.

"செஞ்சு காட்டும்மா" என்றார் முதலாளி. குரலில் அப்படியொரு கனிவை நான் அதுவரை கேட்டதில்லை.

நான் நடந்து போய் ஸ்டெல்லாவின் மேஜையிலிருந்து கம்பியையும் டப்பாவையும் எடுத்தேன். அவள் டப்பாவை என் பக்கம் கொஞ்சம் நகர்த்தி வைத்தாள். எடுக்க வசதியாக.

முதல் துளை கோணலாகப் போனது. இரண்டாவது சரியாக வந்தது.

"எப்படி இது தோணுச்சு?" என்று இன்ஜினியர் கேட்டார்.

"சப்பாத்தி, சார்" என்றேன். "மாவு தூவினா ஒட்டாதுல்ல."

பள்ளியில் பெயர் சொல்லக்கூட வராத வாய், அன்று அவளுடைய வார்த்தையைத் தடங்கலில்லாமல் சொன்னது.

அந்த வாரமே ஆணி அடித்த பலகை ஒன்று செய்தார்கள். சாக்பவுடரில் ஒரு தடவை முக்கி அழுத்தினால் எல்லாத் துளையும் ஒரே நேரத்தில் விழும். நேரப் பிரச்சினை தீர்ந்தது. மோல்டுகள் திரும்பி வருவது நின்றது. என்னை மற்ற ஏழு பேருக்கும் இன்சார்ஜ் ஆக்கினார்கள்.

"ஏழாம் நம்பர் மகாராணி வராங்க, வழி வுடுங்கடி" என்பாள் கஸ்தூரி அக்கா, நான் உள்ளே நுழையும்போதெல்லாம். ஸ்டெல்லா அதற்குச் சிரித்ததில்லை, என்னை விட்டுக்கொடுத்துப் பேசியதும் இல்லை.

தாம்பரத்தில் ஒரு பகல்

மோல்டு செய்கிறவள் ஒருதடவை இணைப்புப் போடுவதைப் பார்க்கட்டும் என்று இன்ஜினியர் சொன்னாராம். ஒருநாள் என்னை ஜீப்பில் தாம்பரத்துக்குக் கூட்டிப்போனார்கள். ஸ்டேஷனைத் தாண்டி, பெருங்களத்தூர் போகிற பக்கம். ரயிலை நிறுத்திவைத்து வேலை நடந்தது.

அங்கிருந்தவர்களில் ஒருவன், "பவுடர் மோல்டு அக்கா வந்துட்டாங்கடா" என்று கத்தினான். எனக்கு ஒரு ஸ்டூல் போட்டார்கள். டீ கொடுத்தார்கள்.

தண்டவாள முனைகளைப் பழுக்கக் காய்ச்சினார்கள். மேலே ஒரு சட்டியில், எரிந்து இரும்பாக உருகும் மருந்துத் தூளைக் கொட்டிப் பற்றவைத்தார்கள். தீபாவளிப் புஸ்வாணம் நூறைச் சேர்த்துக் கொளுத்தின மாதிரி சீறியது. பிறகு சட்டியின் அடியிலிருந்து வெள்ளை வெளிச்சம் ஒன்று தண்ணீர் மாதிரி நேராக மோல்டுக்குள் இறங்கியது. மோல்டின் முதுகில் இருந்த துளைகள் ஒவ்வொன்றிலும் குட்டிக் குட்டியாக நீலச் சுடர் எரிந்தது. காற்று வெளியே போகிறது என்று பக்கத்தில் நின்றவர் விளக்கினார். வரிசையாக, கார்த்திகை விளக்கு மாதிரி.

ஒவ்வொரு சுடரும் அவள் குத்திய துளை. பலகை வருவதற்கு முன்னால் செய்த மோல்டு அது. ஏழு என்று கீறியிருந்தது. ஏழுக்கு நடுவில் ஒரு சின்னக் கோடு போடுவது ஸ்டெல்லாவின் பழக்கம். நான் போடுவதில்லை. அந்தக் கோடும் சிவந்து, கறுத்து, சுத்தியலால் தட்டியபோது மணலாக உதிர்ந்தது.

மறுநாள் மதியம் டிபன் பாக்ஸைத் திறக்கும்போது ஸ்டெல்லா கேட்டாள்.

"எப்பிடி இருந்துச்சு? நெருப்பு ஊத்தறத பாத்தியா? தொள வழியா காத்து போச்சா?"

அவள் கண்ணில் ஆசை தவிர வேறு ஒன்றும் இல்லை. நான் தயிர்சாதத்தைப் பிசைந்துகொண்டே, "ஒரே புகை. ஒண்ணும் தெரியல" என்றேன்.

நான் செய்ததிலேயே கேவலமானது எது என்று கேட்டால், இதைத்தான் சொல்வேன். அந்தச் சுடர்களையாவது அவளிடம் கொடுத்திருக்கலாம்.

முதலாளி முன்பே சொல்லியிருந்தபடி மாதக் கடைசியில் இரண்டு பேரைக் குறைத்தார்கள். எண்ணிக்கை குறைந்தவர்கள் யார் என்று தாஸ் அண்ணன் நோட்டைப் பார்த்தார். மூன்று வாரமாக நாலாம் நம்பர் குறைவு. ஏன் குறைவு என்று ஷெட்டில் எல்லோருக்கும் தெரியும். இன்சார்ஜ் என்பதால் அந்தப் பட்டியலை நான்தான் வாசித்தேன்.

ஸ்டெல்லா மரப்பெட்டியைத் துடைத்து, கவிழ்த்து வைத்துவிட்டுப் போனாள்.

தெரிந்தவளிடமே

பத்து வருடம் கழித்து அவளைத் தேடிப் போனேன். பம்மலிலேயே வேறு தெருவில் இருந்தாள். வாசலில் உட்கார்ந்து புடவைக்கு ஃபால்ஸ் தைத்துக்கொண்டிருந்தாள். முன்வகிட்டில் நரை. என்னைப் பார்த்ததும், "அடியே வசந்தா, வா வா, ஆளே ஊதிட்டியே!" என்று எழுந்து உள்ளே கூட்டிப்போனாள்.

எல்லாவற்றையும் சொன்னேன். அழுதுகொண்டே சொன்னேன். தாம்பரத்தில் பார்த்த சுடர்களையும் சொன்னேன்.

அவள் ஊசியில் நூல் கோத்துக்கொண்டே கேட்டாள். நடுவில் ஒரு தடவைகூட "பரவால்ல" என்று சொல்லவில்லை. நான் முடித்த பிறகு நூலைப் பல்லால் கடித்து அறுத்தாள்.

"இத்த எதுக்குடி என்கிட்ட சொல்ற? எனக்குத்தான் தெரியுமே. அன்னிக்கு அஞ்சு பேரு நின்னாங்க. அவனுங்களுக்குத் தெரியாது."

கோபமாகச் சொல்லவில்லை. விலாசம் தவறி வந்த கடிதத்தைத் திருப்பிக் கொடுக்கிற மாதிரி சொன்னாள். பிறகு காபி போட்டுக் கொடுத்தாள். சர்க்கரை போதுமா என்று கேட்டாள்.

அந்த ஐந்து பேரில் இன்ஜினியர் எந்த ஊரில் இருக்கிறார் என்று தெரியாது. காண்ட்ராக்டரும் அவருடைய ஆளும் வேலை முடிந்து போனவர்கள். தாஸ் அண்ணன் இறந்துவிட்டார். முதலாளி மட்டும் பட்டறையை விற்றுவிட்டுக் குரோம்பேட்டையில் மகன் வீட்டில் இருந்தார். அடுத்த ஞாயிற்றுக்கிழமை போனேன்.

என்னைப் பார்த்ததும் சாய்வு நாற்காலியிலிருந்து எழுந்துகொண்டார். மருமகளைக் கூப்பிட்டார். பேரனைக் கூப்பிட்டார். "நான் சொல்வேனே, பவுடர் போட்டு மோல்டு செஞ்ச பொண்ணு. இவங்கதான். படிச்ச இன்ஜினியருக்கே தோணாதது இவங்களுக்குத் தோணுச்சு" என்றார்.

நான் நின்றபடியே பேசினேன். உட்கார்ந்தால் சொல்லமாட்டேன் என்று தெரியும்.

"இல்ல சார். அது நான் இல்ல. ஸ்டெல்லா. நாலாம் நம்பர். அவதான் கண்டுபிடிச்சா. நான் செஞ்சு காட்டினேன், அவ்வளவுதான். அவளைத்தான் நீங்க நிறுத்திட்டீங்க. நான் வாய திறக்கல சார்."

என் குரல் அடுத்த அறை வரைக்கும் கேட்டிருக்கும். என் வாழ்க்கையில் அவ்வளவு உரக்க நான் பேசியதில்லை.

முதலாளி "ஸ்டெல்லா..." என்று சொல்லிப் பார்த்துக்கொண்டார். முகம் எதுவும் அவருக்கு நினைவில் வரவில்லை என்பது தெரிந்தது.

பிறகு மருமகளிடம் திரும்பி, "பாத்தியாம்மா? இத்தனை வருஷம் ஆச்சு, இன்னும் பேர் தனக்கு வேணாங்குறாங்க. கூட வேலை செஞ்ச பொண்ணுக்குக் குடுக்குறாங்க. இப்படிப்பட்டவங்களை இப்ப எங்க பாக்க முடியும்?" என்றார்.

"சார், நான் நிஜமாத்தான் சொல்றேன்."

"சரிம்மா, சரிம்மா. முதல்ல உக்காரு."

மருமகள் உள்ளே போய் ஒரு தட்டில் வெற்றிலை பாக்கு, பழம், மஞ்சள் குங்குமத்தோடு ஒரு ரவிக்கைத் துணியும் வைத்து எடுத்துக்கொண்டு வந்தாள். மரியாதையாக இரண்டு கையாலும் நீட்டினாள்.

நான் வாங்கிக்கொண்டேன்.